8 வயசு கோல்டனுக்குக் கேன்சர் ரத்தப் பரிசோதனை: காசு போடலாமா?

சிம்பா அப்பா (பழைய கிள்ளான் சாலை, கோலாலம்பூர்)

வணக்கம் எல்லாருக்கும். எங்க சிம்பா கோல்டன் ரிட்ரீவர், ஆண், 8 வயசு முடிஞ்சிருச்சு. வருஷத் தடுப்பூசிக்குக் கூட்டிட்டுப் போனப்போ கிளினிக் சுவத்துல புதுசா ஒரு போஸ்டர். கொஞ்சம் ரத்தம் எடுத்தாப் போதும், நாய்க்குக் கேன்சர் இருக்கான்னு முன்கூட்டியே தெரிஞ்சிடுமாம். டாக்டரம்மா கட்டாயப்படுத்தல. "கோல்டன், வயசும் ஆச்சு, யோசிச்சுப் பாருங்க"ன்னாங்க, அவ்வளவுதான். விலையைக் கேட்டதும் வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்க எழுத முடியாது.

சிம்பாவுக்கு இப்ப ஒரு குறையும் இல்ல. நல்லா சாப்பிடுறான், சாயங்காலம் தாமானைச் சுத்தி ஓடுறான். இப்படி இருக்கிற நாய்க்கு இந்த டெஸ்ட் தேவையா? யாராச்சும் எடுத்திருக்கீங்களா?

ரவாங் ரௌடி

நாய்தான் மனுஷனோட கேன்சரை மோந்து கண்டுபிடிக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். இப்ப நாய்க்கே டெஸ்டா? காலம் மாறிப் போச்சு லா.

ஊசிக்காரி (பினாங்கு, கால்நடை கிளினிக் உதவியாளர்)

அது வேற கதை தம்பி. ஒரு பொண்ணோட கால்ல இருந்த மச்சத்தை அவங்க நாய் விடாம மோந்துக்கிட்டே இருந்துச்சு, வெட்டி எடுத்துப் பார்த்தா மெலனோமா (நிறமி செல்ல வர்ற கேன்சர்)ன்னு 1989ல லான்செட் இதழ்ல ஒரு கடிதம் வந்துச்சு. அந்தப் பேச்சு அங்க ஆரம்பிச்சதுதான். இங்க நாயோட கேன்சரைப் பேசறோம், பேச்சை அந்தப் பக்கம் இழுத்துட்டுப் போயிடாதீங்க.

சிம்பா அப்பா, கிளினிக்ல போன் பண்ணி அந்த டெஸ்ட் ரத்தத்துல எதை அளக்குதுன்னு கேளுங்க. ஒவ்வொண்ணும் ஒவ்வொண்ணைத் தேடும். அது தெரியாம நல்லது கெட்டது சொல்ல முடியாது.

ஜெலுத்தோங் அக்கா

தம்பி, எடுக்கறதும் விடறதும் உங்க இஷ்டம். என் அனுபவத்தைச் சொல்றேன். எங்க ராட்வைலர் ராணி முன்னங்கால் நொண்ட ஆரம்பிச்சப்போ சுளுக்குன்னு சொல்லி வலி மாத்திரை கொடுத்தாங்க. மாத்திரை போட்டா நடப்பா, நிறுத்தினா நொண்டுவா. மறுபடி போனா மறுபடி மாத்திரை. எக்ஸ்ரே பேச்சையே யாரும் எடுக்கல. கடைசியில வேற இடத்துல எடுத்தப்போ மணிக்கட்டுக்கு மேல எலும்பைக் கேன்சர் அரிச்சுத் தின்னிருந்துச்சு. நுரையீரலுக்கும் போயிருச்சு.

அவளுக்கு எந்த நவீன டெஸ்டும் தேவைப்பட்டிருக்காது. நேரத்துக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்திருந்தாப் போதும்.

ஊசிக்காரி

மனசு கஷ்டமா இருக்கு அக்கா. மத்தவங்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்: பெரிய ஜாதி நாய்ங்களுக்கு எலும்புக் கேன்சர் வர்ற இடம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். முன்னங்கால்ல முழங்கையை விட்டுத் தள்ளி, அதாவது மணிக்கட்டுப் பக்கமோ தோள் பக்கமோ. பின்னங்கால்ல முழங்காலை ஒட்டி. அந்த இடத்துல வீக்கம், மருந்து நிறுத்தினா திரும்பி வர்ற நொண்டல், ரெண்டும் சேர்ந்தா நீங்களே எக்ஸ்ரே வேணும்னு கேட்டு வாங்குங்க. கேட்கறதுக்கு வெக்கப்படாதீங்க.

ராட்வைலர் குட்டி வச்சிருக்கிறவங்களுக்கு இன்னொண்ணு. ஒரு வயசுக்கு முன்னாடியே கருத்தடை பண்ணின ராட்வைலர்கள்ல ஏறக்குறைய நாலுல ஒண்ணுக்கு எலும்புக் கேன்சர் வந்ததா 2002ல வந்த ஒரு ஆய்வு சொல்லுது. கருத்தடையே வேணாம்னு அர்த்தமில்ல, எப்பன்னு டாக்டர்கிட்ட பேசி முடிவு பண்ணுங்க.

கணக்குப்பிள்ளை (பெட்டாலிங் ஜெயா)

நான் மருத்துவம் படித்தவன் அல்ல, எண்களோடு பிழைப்பு நடத்துபவன். இந்தச் சோதனைகளைப் பற்றி வெளியான கட்டுரைகளைப் படித்த அளவில் சொல்கிறேன்.

ஒரு வகை, ரத்தத்தில் மிதக்கும் டிஎன்ஏ துணுக்குகளை வரிசைப்படுத்திப் பார்ப்பது. லிக்விட் பயாப்சி என்பார்கள். அமெரிக்காவில் பெட்டிஎக்ஸ் என்ற நிறுவனம் ஆன்கோகே9 என்ற பெயரில் விற்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களில் செய்த அதன் ஆய்வு 2022இல் பிளாஸ் ஒன் இதழில் வந்தது. புற்றுநோய் இருந்த நாய்களில் 54.7 விழுக்காட்டைப் பிடித்தது. நோயில்லாத நாய்களில் 98.5 விழுக்காட்டை இல்லை என்று சரியாகச் சொன்னது. லிம்போமா (நெறிக்கட்டுகளில் வரும் புற்று), ஹெமாஞ்சியோசார்கோமா (ரத்தக்குழாய்ப் புற்று, பெரும்பாலும் மண்ணீரலில்), எலும்புப் புற்று ஆகிய மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் பிடித்த அளவு 85.4 விழுக்காடு. பிறகு அந்தச் சோதனையின் விற்பனையே நின்றுவிட்டது.

இன்னொரு வகை நியூக்ளியோசோம் அளவைப் பார்ப்பது. டிஎன்ஏ சுற்றிக்கொண்டிருக்கும் புரத உருண்டைகள் அவை. செல்கள் அதிகமாகச் சாகும்போது ரத்தத்தில் பெருகும். வொலிஷன் நிறுவனத்தின் நியூகியூ இந்த வகை. ஏழு வகைப் புற்றுநோய்களில் மொத்தமாகப் பாதியைத்தான் பிடித்தது, லிம்போமாவில் 77 விழுக்காடு, ஹெமாஞ்சியோசார்கோமாவில் 82.

இப்போது முதல் சோதனையின் எண்களை வைத்து ஒரு கணக்கு. வெளியே நலமாகத் தெரியும் 1000 வயதான நாய்கள் இருப்பதாகவும், அவற்றில் 30க்கு உள்ளே புற்று ஒளிந்திருப்பதாகவும் வைத்துக்கொள்வோம் (30 என்பது பேச்சுக்கு நான் எடுத்த எண்). அந்த 30இல் 16ஐப் பிடிக்கும், 14 தப்பிவிடும். மீதி 970இல் ஏறக்குறைய 15 நாய்களுக்கு இல்லாத புற்றை இருப்பதாகக் காட்டும். ஆக, பாசிட்டிவ் என்று தாள் வந்தவர்களில் பாதிப் பேர் வீணாகத் தூக்கம் கெடுவார்கள். நெகட்டிவ் என்று வாங்கி வந்தவர்களில் 14 பேர் வீணாக நிம்மதியாக இருப்பார்கள்.

இதிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஆய்வில் இருந்த நோயாளி நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு நோய் ஏற்கெனவே வெளியே தெரிந்திருந்தது. சிறிய, ஓரிடத்திலேயே நிற்கும் கட்டிகளை இச்சோதனைகள் பிடிப்பது இன்னும் குறைவு. நாம் முன்கூட்டியே தெரிந்துகொள்ள விரும்புவதோ அவற்றைத்தான்.

ஜெலுத்தோங் அக்கா

கணக்கெல்லாம் சரி தம்பி. அந்த 16ல ஒண்ணு உங்க நாயா இருந்தா?

கணக்குப்பிள்ளை

நியாயமான கேள்வி அக்கா. அப்படியானால் அந்த 14இல் ஒன்றாக இருந்தால் என்ற கேள்வியும் கூடவே வரும். எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எடுப்பவர் கையில் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கட்டும்.

டெய்சி அம்மா (டாமன்சாரா)

நான் எடுத்தேன். எங்க டெய்சியும் கோல்டன்தான். அவளோட அம்மா நாய் மண்ணீரல் வெடிச்சுச் செத்தது எனக்குத் தெரியும், அதனால மனசு கேட்கல. நெகட்டிவ்னு வந்துச்சு. அன்னிக்கு ராத்திரி நிம்மதியாத் தூங்கினேன். அந்த நிம்மதிக்கு நான் கொடுத்த காசு தகும். கோல்டனுக்குக் கேன்சர் அதிகம்னு எல்லாருக்கும் தெரியும். அமெரிக்காவுல 2012லேர்ந்து 3000க்கு மேல கோல்டன்களை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்து பார்த்துட்டு வர்றாங்க, மோரிஸ் அறக்கட்டளைக்காரங்க. காரணமில்லாம அப்படி ஒரு ஆய்வு நடத்துவாங்களா?

ஊசிக்காரி

டெய்சி அம்மா, கோல்டனுக்கு ஆபத்து அதிகம்ங்கறதுல சந்தேகமே இல்ல. நீங்க எடுத்ததையும் குறை சொல்லல. ஒண்ணு மட்டும்: நெகட்டிவ் வந்ததால மத்த பரிசோதனையை விட்டுடாதீங்க. டெஸ்ட் எடுத்தாச்சுன்னு சொல்லி அக்குள்ல இருந்த கட்டியை அப்படியே விட்டு வச்சு, ரொம்பத் தாமதமா வந்தவங்களை நான் கிளினிக்ல பார்த்திருக்கேன்.

அதுவும் நியூக்ளியோசோம் வகை டெஸ்ட்னா உடம்புல வேற எங்க அழற்சி, கிருமித் தொற்று, பெரிய காயம் இருந்தாலும் அளவு ஏறும். ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி நாலு மணி நேரமாவது பட்டினி போடணும்.

சிம்பா அப்பா

எல்லாருக்கும் நன்றி. கணக்குப்பிள்ளை அண்ணே, ரெண்டு தரம் படிச்சேன், இப்ப புரியுது. கிளினிக்ல கேட்டேன், நியூக்ளியோசோம் வகைதானாம். சரி, பாசிட்டிவ்னு வந்துட்டா அடுத்து என்ன நடக்கும்?

ஊசிக்காரி

தேட ஆரம்பிப்பாங்க. ஏதோ சரியில்லைன்னு மட்டும் தாள் சொல்லும், எங்கன்னு சொல்லாது. முதல்ல மார்புக்கு எக்ஸ்ரே, வயித்துக்கு அல்ட்ராசவுண்ட், நெறிக்கட்டுல ஊசி குத்தி செல் எடுத்துப் பார்க்கறது. எதுலயும் ஒண்ணும் கிடைக்கலன்னா கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி. சிலரை செர்டாங் யூபிஎம் (புத்ரா மலேசியா பல்கலைக்கழகம்) கால்நடை மருத்துவமனைக்கு அனுப்பறதுண்டு. உங்களுக்கு அது பக்கம். நாங்க பினாங்கிலேர்ந்து 350 கிலோமீட்டருக்கு மேல ஓட்டணும்.

அதனால டெஸ்டுக்குக் காசு கட்டறதுக்கு முன்னாடி வீட்ல உட்கார்ந்து பேசுங்க. லிம்போமான்னு தெரிஞ்சா கீமோவுக்குத் தயாரா? கீமோ கொடுத்தாலும் பெரும்பாலும் ஒரு வருஷம் கிட்டத்தான் கிடைக்கும், முழுசா குணமாகறது அபூர்வம். அந்த ஒரு வருஷத்தை நாய் நல்லபடியாத்தான் ஓட்டும், மனுஷங்களுக்குக் கொடுக்கிற மாதிரி கடுமையான அளவு இல்ல. கீமோ வேணாம், மண்ணீரல் ஆபரேஷன் வேணாம்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டீங்கன்னா, ஒளிஞ்சிருக்கிறதைத் தோண்டி எடுக்கிற டெஸ்டால என்ன பிரயோஜனம்? அந்தக் காசை அல்ட்ராசவுண்டுக்கும் பல் சுத்தம் பண்றதுக்கும் வச்சுக்கலாம்.

தோட்டத்து ஆள்

இவ்வளவு செலவு எதுக்கு? சபா பாம்புப்புல், பெலாலாய் காஜான்னு மலாய்க்காரங்க சொல்வாங்களே, அதைத் தினம் பத்து இலை அரைச்சு சோத்துல கலந்து போடுங்க. எங்க தோட்டத்துல ஒரு கிழவருக்கே கட்டி கரைஞ்சுது. நாய்க்கும் கரையும்.

ஊசிக்காரி

அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அந்த இலைக்கு மனுஷங்ககிட்டயே கேன்சரைக் குணமாக்கும்னு நிரூபணம் இல்ல. இலை அரைச்சு ஊட்டற அந்த வாரங்கள்லதான் பட்டாணி அளவுக் கட்டி எலுமிச்சை அளவாகுது. சின்னதா இருக்கும்போது வெட்டினா முடிஞ்சு போற மாஸ்ட் செல் கட்டியை (தோல்ல வர்ற ஒரு கேன்சர்), பெரிசானப்புறம் தொடை முழுக்கத் தோலைத் திறந்து எடுக்க வேண்டியிருக்கு.

இன்னொரு பழக்கம் இதைவிட மோசம். பழைய ஸ்டீராய்டு மாத்திரை வீட்ல கிடக்கும், கட்டி குறையுதான்னு பார்க்கக் கொடுப்பாங்க. லிம்போமா ஸ்டீராய்டுக்கு உடனே சுருங்கும், வீட்ல சந்தோஷப்படுவாங்க. கொஞ்ச நாள்ல திரும்பி வரும், அப்ப கீமோவும் சரியா வேலை செய்யாது. ஊசி வச்சுப் பார்க்கறதுக்கு முன்னாடி ஸ்டீராய்டைத் தொடாதீங்க.

தோட்டத்து ஆள்

சரிம்மா. சொல்லணும்னு தோணிச்சு, சொன்னேன்.

பத்து கேவ்ஸ் பையன்

நெறிக்கட்டுன்னதும் ஞாபகம் வருது. எங்க கருப்பனுக்குத் தாடைக்குக் கீழ ரெண்டு பக்கமும் கட்டி, பின்னங்கால் முட்டிக்குப் பின்னாலயும் கட்டி, மூக்குல ரத்தம் வேற. கூகுள்ல பார்த்துட்டு லிம்போமாதான்னு முடிவு பண்ணி அம்மா அழ ஆரம்பிச்சுட்டாங்க. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தா உண்ணிக் காய்ச்சல். டாக்ஸிசைக்ளின் கொடுத்தாங்க, கட்டியெல்லாம் இறங்கிப் போச்சு. இப்பவும் கேட்டைத் தாண்டிப் பூனையைத் துரத்திட்டுத்தான் இருக்கான்.

ஊசிக்காரி

நம்ம ஊருக்கு இது ரொம்ப முக்கியம் தம்பி, நல்ல வேளை சொன்னீங்க. உண்ணி பரப்புற எர்லிக்கியா கிருமி நெறிக்கட்டையும் மண்ணீரலையும் வீங்க வைக்கும், ரத்தத் தட்டணுக்களைக் குறைச்சு மூக்குல ரத்தம் வர வைக்கும். பார்க்கறதுக்கு லிம்போமா மாதிரியே இருக்கும். அமெரிக்கக் கட்டுரையை வச்சு நம்ம வீட்டு நாயைக் கணிக்க முடியாததுக்கு இது ஒரு காரணம். இங்க நெறிக்கட்டு வீங்கினா உண்ணிக் காய்ச்சல் டெஸ்டும் சேர்த்துத்தான் எடுப்போம்.

ஆயர் ஈத்தாம் அண்ணாச்சி

வீட்டு நாய் பேச்சே போய்க்கொண்டிருக்கிறது. எங்கள் பக்கம் சந்தைக்குப் பின்னால் திரியும் நாய்களுக்குத் தினமும் சோறு வைக்கிறேன். அவற்றுக்கு எந்த ரத்தப் பரிசோதனை? ஆனால் கண்ணால் பார்த்தே தெரியும் ஒரு புற்று உண்டு. பிறப்புறுப்பில் பூக்கோசு மாதிரி கட்டி, ரத்தம் சொட்டிக்கொண்டே இருக்கும். இனச்சேர்க்கையில் ஒரு நாயிடமிருந்து இன்னொன்றுக்கு ஒட்டிக்கொள்ளும். கிருமி தொற்றுவது போல அல்ல, புற்று செல்லே நேராகப் போய் அடுத்த நாயின் உடம்பில் வளர்கிறது. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு நாயின் உடம்பில் பிறந்த செல்கள் இன்றைக்கும் ஆயர் ஈத்தாமில் உயிரோடு திரிகின்றன என்றால் பாருங்கள்.

பலரும் அதைப் பார்த்ததும் இனிப் பிழைக்காது, ஊசி போட்டுக் கொன்றுவிடலாம் என்கிறார்கள். அது தப்பு. வின்கிரிஸ்டின் என்ற மருந்தை வாரம் ஒரு தடவை சில வாரம் ஏற்றினால் பெரும்பாலும் முழுக்கக் குணமாகிவிடும். கேன்சரிலேயே இவ்வளவு சுலபமாகப் போவது வேறு இருக்கிறதா, எனக்குத் தெரியவில்லை. கூடவே கருத்தடையும் செய்துவிட்டால் பரவுவதும் நிற்கும். 2015இல் ரேபிஸ் வந்தபோது இந்தப் பினாங்கு மாநிலத்தில் தெருநாய்கள் பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். நோய் என்றதும் நாயை ஒழிக்கும் புத்தி நமக்குச் சீக்கிரம் வந்துவிடுகிறது.

பெட்டை நாய்களுக்கு மடிக்கட்டியும் நிறைய. குட்டி போட்டுக் குட்டி போட்டு வயதான பிறகு வருகிறது.

ஊசிக்காரி

அண்ணாச்சி சொல்ற மடிக்கட்டியில ஏறக்குறைய பாதி கெட்டது, பாதி தீங்கில்லாதது. சின்னதா இருக்கும்போதே எடுத்துடறது நல்லது. முதல் சீசனுக்கு (இனச்சேர்க்கைப் பருவம்) முன்னாடியே கருத்தடை பண்ணினா இது வர்ற வாய்ப்பு வெகுவாக் குறையும்னு 1969லேர்ந்து சொல்லிட்டு வர்றாங்க. அந்த ஆதாரம் அவ்வளவு பலமானது இல்லைன்னு பிறகு வந்த ஒரு மறுஆய்வு சொல்லுது. ராட்வைலர் விஷயத்தையும் சேர்த்துப் பார்த்தா, எல்லா நாய்க்கும் ஒரே வயசுன்னு சொல்ல முடியாதுன்னு புரியும்.

சரி, சிம்பா அப்பாவுக்கு வர்றேன். மாசம் ஒரு தரம், குளிப்பாட்டும்போது இதைச் செய்யுங்க. சோப்பு போட்ட கை வழுக்கிட்டுப் போகும், சின்னக் கட்டிகூடத் தட்டுப்படும்.

உதட்டைத் தூக்கி ஈறு, நாக்கு, அண்ணம் பாருங்க. ஒரு பக்கம் மட்டும் எச்சில்ல ரத்தம், திடீர்னு தாங்க முடியாத வாய் நாத்தம் இருந்தா பல்லுதான்னு விட்டுடாதீங்க, வாயில வர்ற மெலனோமா இப்படித்தான் ஆரம்பிக்கும். ஈறு வெளுத்திருக்கான்னும் பாருங்க. அடுத்து தாடைக்குக் கீழ, தோளுக்கு முன்னால, அக்குள், தொடை இடுக்கு, முழங்காலுக்குப் பின்னால தடவுங்க, நெறிக்கட்டு இருக்கிற இடம் இதெல்லாம். முலைக்காம்பு வரிசையை ரெண்டு விரலால உருட்டிப் பாருங்க, ஆண் நாய்க்கும்தான். விதை ரெண்டும் ஒரே அளவா? ஒண்ணு இறங்காம வயித்துக்குள்ளயே இருந்தா அதுல கேன்சர் வர்ற வாய்ப்பு பல மடங்கு, எடுத்துடணும். வாலைத் தூக்கி ஆசன வாயைச் சுத்திப் பாருங்க, கால் விரல் இடுக்கையும் விடாதீங்க. கடைசியா எடை. காரணமில்லாம எடை குறையறதை ரோமம் மறைச்சிடும், தராசு காட்டிக் கொடுத்துடும்.

கட்டி தட்டுப்பட்டா பக்கத்துல 20 சென் காசு வச்சு போட்டோ எடுத்து வைங்க. ஒரு சென்டிமீட்டருக்கு மேல இருந்தாலோ, ஒரு மாசம் தாண்டியும் போகாம இருந்தாலோ ஊசி குத்திப் பார்க்கணும்னு சூ எட்டிங்கர்ங்கற அமெரிக்க கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் சொல்வாங்க. எங்க கிளினிக்ல நாங்களும் அதைத்தான் பின்பற்றுறோம். மெல்லிய ஊசி, மயக்க மருந்து வேணாம், நாய் பெரும்பாலும் திரும்பிக்கூடப் பார்க்காது. செலவு ரத்த டெஸ்டோட ஒப்பிட்டா ரொம்பக் குறைவு. தொட்டுப் பார்த்தே "கொழுப்புக் கட்டிதான்"னு யார் சொன்னாலும் நம்பாதீங்க, டாக்டரே சொன்னாலும். மாஸ்ட் செல் கட்டி கைக்கு அச்சு அசல் கொழுப்புக் கட்டியாத்தான் இருக்கும்.

சிம்பா அப்பா

ஊசிக்காரி அக்கா எழுதினபடி நேத்து குளிப்பாட்டினேன். அவன் குளியல்னா நடுங்குவான், இவ்வளவு நேரம் தடவினதுல சொக்கிப் போயிட்டான். வலது அக்குள்ல மெத்துனு ஒரு கட்டி! இத்தனை நாள் ரோமத்துக்குள்ள இருந்திருக்கு. இன்னிக்கே ஓடிப்போய் ஊசி வச்சுப் பார்த்தாச்சு. கண்ணாடித் தகட்டுல எண்ணெய் எண்ணெயா இருந்துச்சு, கொழுப்பு செல்தான்னு டாக்டரம்மா சொன்னாங்க. அளவைக் குறிச்சு வச்சுக்கிட்டாங்க, பெரிசானா மறுபடி பார்க்கணுமாம்.

ரத்த டெஸ்ட் பத்தி வீட்ல பேசினோம். கீமோ வரைக்கும் போக எங்களால முடியாதுன்னு ரெண்டு பேருமே நினைக்கிறோம். மண்ணீரல்ல ஏதாச்சும் இருந்து எடுக்க முடியும்னா எடுப்போம். அதனால டெஸ்டை விட்டுட்டு வருஷம் ஒரு தரம் அல்ட்ராசவுண்ட் எடுக்கலாம்னு நினைக்கிறோம். சரிதானா?

கணக்குப்பிள்ளை

உங்கள் முடிவு எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் அல்ட்ராசவுண்டிலும் இதே கணக்கு உண்டு. நோய் அறிகுறியே இல்லாமல் தற்செயலாகக் கண்ட, உடையாத மண்ணீரல் கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை என்று காட்டிய ஆய்வு இருக்கிறது. வெடித்து ரத்தம் கசிந்து வரும் நாய்களின் கதை வேறு, அங்கே கெட்டதுதான் அதிகம். ஆகவே ஸ்கேனில் ஏதோ தெரிந்தால் அன்றைக்கே அழ வேண்டாம்.

எந்த வயதில் தொடங்குவது என்பதற்கும் ஓர் ஆய்வு உண்டு. 2023இல் வந்தது, 3452 நாய்கள், புற்று கண்டறியப்பட்ட வயதின் நடு அளவு 8.8. அதை வைத்து 7 வயதில் தொடங்கலாம் என்றும் சில ஜாதிகளுக்கு 4லேயே என்றும் எழுதினார்கள். எழுதியவர்கள் ரத்தச் சோதனை விற்ற அதே பெட்டிஎக்ஸ் ஆட்கள் என்பதையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

டெய்சி அம்மா

நான் அடுத்த வருஷமும் டெஸ்ட் எடுக்கத்தான் போறேன். குளியல் சோதனையும் சேர்த்துப் பண்றேன், போதுமா ஊசிக்காரி?

ஊசிக்காரி

ரொம்பப் போதும்மா.

சிம்பா அப்பா, அல்ட்ராசவுண்ட் சரி. திடீர்னு சோர்ந்து படுத்து, ஈறு வெளுத்து, மறுநாள் ஒண்ணுமே நடக்காத மாதிரி எழுந்து ஓடினான்னா வருஷக் கணக்குப் பார்க்காம அன்னிக்கே கொண்டு போங்க. மண்ணீரல் கட்டி கொஞ்சம் கொஞ்சமா கசியறப்போ அப்படித்தான் இருக்கும், சரியாயிட்டான்னு நினைச்சு நிறையப் பேர் விட்டுடறாங்க.

சிம்பா அப்பா

குறிச்சுக்கிட்டேன் அக்கா. ஸ்கேனுக்கு முன்னாடி சாப்பாடு கொடுக்கலாமா? வயித்து ரோமத்தை மழிப்பாங்களா? வீட்டுக்காரம்மா கேட்கச் சொன்னாங்க.

ஊசிக்காரி

முந்தின ராத்திரியோட சாப்பாட்டை நிறுத்திடுங்க, தண்ணி கொடுக்கலாம். வயித்துல சோறும் காத்தும் இருந்தா படம் தெளிவா வராது. ஒண்ணுக்கு விடாமக் கூட்டிட்டுப் போங்க, மூத்திரப்பை நிறைஞ்சிருந்தா அதையும் பார்த்துடலாம். ரோமம் மழிப்பாங்க, கோல்டனுக்குத் திரும்ப வளர சில மாசம் ஆகும். தீபாவளி போட்டோவுக்கு முன்னாடி தேதி வாங்காதீங்க.